ஜெட் எஞ்சின் பூட்டிய மாதிரி லாரி: முதன்முறை கட்டுபவர்களுக்கு

அமெரிக்காவில் விமான சாகசக் காட்சிகளுக்குப் போனால், ஓடுபாதையில் விமானத்தோடு பந்தயம் ஓடும் லாரிகளைப் பார்க்கலாம். பழைய போர் விமானங்களிலிருந்து கழற்றிய ஜெட் எஞ்சினை சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் பூட்டி, பின்னால் தீயும் புகையும் கக்க ஓட்டுவார்கள். இவற்றில் பெயர் பெற்றது ‘ஷாக்வேவ்’ என்ற பீட்டர்பில்ட் லாரி. மூன்று வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 எஞ்சின்கள், 36,000 குதிரைத்திறன், மணிக்கு 376 மைல் என்பது அதன் கணக்கு. 2022 ஜூலையில் மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் நடந்த காட்சியில் அது விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் இறந்துபோனார். 1940-ஆம் ஆண்டு ஃபோர்டு தீயணைப்பு வண்டி ஒன்றில் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் வைப்பர் எஞ்சின்களைப் பூட்டி, 1998-இல் கனடாவின் ஒன்டாரியோவில் மணிக்கு 655 கி.மீ. வரை ஓட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘ஹவாயன் ஈகிள்’.

இப்படிப்பட்ட ஒரு லாரியை 1/25 அளவில் (நிஜத்தில் 25 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ.), அலமாரியில் வைக்கும் மாதிரியாகக் கட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஓடாது, ஆனால் விளக்கு எரியும்.

உண்மையிலேயே ஓடும் ஜெட் வண்டி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிமோட் விமானங்களில் பயன்படுத்தும் சின்ன டர்பைன்கள், அதாவது குட்டி ஜெட் எஞ்சின்கள், விற்பனையில் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், மண்ணெண்ணெயில் ஓடும், பின்னால் வரும் காற்று பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். விலையும் லட்சங்களில். புதிதாக வருபவர் தொடவேண்டிய பொருள் இல்லை அது. நான்கைந்து மாதிரி கட்டி, ரிமோட் வண்டிகளிலும் கை பழகிய பிறகு யோசியுங்கள்.

எந்த லாரி?

ஏஎம்டி நிறுவனத்தின் 1/25 பீட்டர்பில்ட் 359 கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் தொகுப்பு) இதற்கு நல்ல ஆரம்பம். நீண்ட மூக்கு, தட்டையான பக்கங்கள், தனியாக நிற்கும் சேசிஸ், இதனால் வெட்டி ஒட்ட வசதி. இத்தாலேரி நிறுவனத்தின் லாரிகள் 1/24 அளவில் வரும்; இரண்டுக்கும் நூற்றுக்கு நான்கு பங்குதான் வித்தியாசம், உதிரிகளைத் தாராளமாகக் கலக்கலாம். இறக்குமதி வரியும் தபால் செலவும் சேர்ந்து கிட்டின் விலை கையைக் கடிக்கிறதா? கடைத்தெருவில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மை லாரியே போதும். அதன் அளவு விகிதம் பெட்டியில் எழுதியிருக்காது, நாமே கண்டுபிடிக்க வேண்டும். பெரிய லாரி டயரின் விட்டம் சுமார் 1,050 மி.மீ. பொம்மையின் டயரை அளந்து, 1,050-ஐ அதால் வகுங்கள். 42 மி.மீ. வந்தால் 1/25. 33 மி.மீ. வந்தால் கிட்டத்தட்ட 1/32. இனி வரும் எல்லா அளவுகளும் இந்த எண்ணைப் பொறுத்தவை, அதனால் முதல் நாளே அளந்து எழுதிவையுங்கள்.

முதல் வண்டிக்கு ஒரே ஒரு எஞ்சின் போதும். மூன்று எஞ்சின் வண்டியின் படத்தைப் பார்த்து ஆசை வரும்தான். ஒரே உருப்படியை ஒரே மாதிரி மூன்று தடவை செய்வது, கை பழகாதவருக்கு ஒன்றை நன்றாகச் செய்வதைவிடக் கடினம்.

கத்தி எடுப்பதற்கு முன்

ஜெட் லாரியில் சக்கரங்களை எதுவும் சுழற்றுவதில்லை. பின்னால் பீறிடும் காற்றின் உந்துதலே வண்டியைத் தள்ளுகிறது. சக்கரம் சும்மா உருளுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் பாதி முடிவுகள் தானாகவே வந்துவிடும். கிட்டில் வரும் டீசல் எஞ்சின், கியர்பாக்ஸ், சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதற்கும் வேலையில்லை. இதை மறந்து ஷாஃப்ட்டை அப்படியே விட்டு மேலே ஜெட்டை ஒட்டிய மாதிரிகள் நிறைய. தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. தெரிந்தவர் குனிந்து பார்த்தால் சிரித்துவிடுவார்.

அதே கேள்வியைத் தொடர்ந்து கேளுங்கள். காற்று எஞ்சினுக்குள் எந்த வழியாகப் போகும்? எரிபொருள் எங்கிருந்து வரும்? இவ்வளவு வேகத்தில் வண்டியை எது நிறுத்தும்? எஞ்சின் தள்ளும் விசை சேசிஸுக்கு எந்த இடத்தில் இறங்குகிறது? நான்குக்கும் பதில் எழுதி, லாரியை 1/25 அளவில் பக்கவாட்டில் ஒரு தாளில் வரையுங்கள். வரைகலை தெரிய வேண்டாம், கோடு நேராக இருந்தால் போதும்.

சேசிஸ்

கிட்டின் பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடேயே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய் ஒட்டியிருக்கும், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. பாகங்களைத் திருகிப் பிடுங்காமல் கட்டிங் பிளேயரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து எடுங்கள்.

அமெரிக்க லாரிகளின் சேசிஸ் அகலம் 34 அங்குலம். 1/25-இல் அது 34.5 மி.மீ. ஜே34 எஞ்சினின் விட்டமோ 27 அங்குலம். ஆக எஞ்சின் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் இறங்கி உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. மேலே தூக்கி நிறுத்துவதா, பாதி புதைப்பதா என்பது உங்கள் விருப்பம். எஞ்சின் உயர உயர, உந்துவிசை வண்டியின் மூக்கைத் தரையில் அழுத்தும். நான் பாதி புதைப்பதையே விரும்புகிறேன். தாழ்வாக இருந்தால் வண்டி முரட்டுத்தனமாகத் தெரியும்.

நடுவில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர்களில் இடைஞ்சலானவற்றை வெட்டி, எஞ்சினுக்கு முன்னும் பின்னும் புதிதாக இரண்டு வையுங்கள். 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் போதும். வெட்டிய பிறகு சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், அதனால் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, நான்கு முனையும் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். பின் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் கூடு (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இருந்தால் அதை அரிந்துவிட்டு, நேரான குழாய் ஒன்றை வையுங்கள்.

எஞ்சின்: இங்கேதான் நேரம் போகும்

ஜே34 இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்து எஞ்சின். பான்ஷீ போர் விமானத்திலும், ‘பக்ஐ’ பயிற்சி விமானத்தின் முதல் வகையிலும், நெப்டியூன் கடல் ரோந்து விமானத்தின் துணை எஞ்சினாகவும் இருந்தது. ஒல்லியான உருளை வடிவம். உள்ளே காற்றை அழுத்தும் பதினொரு அடுக்கு கம்ப்ரெஸர், பின்னால் அதைச் சுழற்றும் இரண்டு அடுக்கு டர்பைன். விட்டம் சுமார் 69 செ.மீ., நீளம் சுமார் 2.8 மீட்டர். 1/25-இல் 27 முதல் 28 மி.மீ. விட்டம், 112 மி.மீ. நீளம்.

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 25 மி.மீ. ஒயரிங் பைப் இதற்கென்றே செய்தது போல இருக்கும். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை அதன் மேல் இரண்டு சுற்று சுற்றினால் 27 மி.மீ. ஆகிவிடும். ஷீட் வளைய மறுத்தால், பைப்போடு சேர்த்துத் துணியால் கட்டி, கொதித்து இறக்கிய நீரில் முக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் விடுங்கள், வளைவு நின்றுவிடும். இணையும் கோடு அடிப்பக்கம் வரட்டும். மாடல் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சிமென்ட்டை பி.வி.சி. பைப்பில் நம்பாதீர்கள். அது கிட்டின் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவதற்கானது. பைப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் அல்லது ஃபெவிக்விக் போடுங்கள்.

உருளை மட்டும் இருந்தால் அது பைப்தான், எஞ்சின் இல்லை. எஞ்சினாக மாற்றுவது மேலே வரும் வளையங்கள். உண்மையான எஞ்சின் பல கூடுகளை போல்ட் போட்டு இணைத்தது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளிம்பு துருத்தி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள். முன்பகுதியில் கம்ப்ரெஸர், நடுவில் எரியறை, அடுத்துக் குறுகிய டர்பைன் கூடு, கடைசியில் வெளியேற்றுக் குழாய். 112 மி.மீ.-ஐ நான் ஏறக்குறைய 45, 30, 12, 25 என்று பிரித்துக்கொள்வேன். இது கண்ணளவுதான். உங்களிடம் நல்ல படம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முன்முகம். குளிர்பான அலுமினிய கேனைக் கத்தரித்து, 22 மி.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். பைப்பின் உள்விட்டத்தை அளந்து அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். வட்டத்தை 15 டிகிரிக்கு ஒன்றாக 24 கோடுகளால் பிரித்து, நடுவில் 6 மி.மீ. விட்டுவிட்டுக் கோட்டோடு கத்தரியுங்கள். ஒவ்வொரு இதழையும் சிறு இடுக்கியால் ஒரே பக்கமாக, ஒரே அளவு திருப்புங்கள். இரண்டாவது வட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பின்னால் வைத்தால், முன்வரிசை பிளேடுகளுக்கு இடையே ஆழம் தெரியும். அதற்கும் பின்னால் ஒரு கறுப்பு வட்டம். நடுவில் மூக்குக்கு பால்பாயிண்ட் பேனாவின் முனைக் கூம்பு. கேன் தகடு பிளேடு போல விரலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று உள்ளே நுழையும் வாய் கூர்மையான விளிம்போடு இருக்கக்கூடாது, வெளிப்பக்கம் மடிந்த உதடு வேண்டும். ஷாம்பூ பாட்டில் மூடிகளில் சரியான வளைவு கிடைக்கும். தேடும் கண் வந்துவிட்டால் வீட்டில் எந்த மூடியும் குப்பைக்குப் போகாது, வீட்டார் சலித்துக்கொள்வார்கள். வாய்க்கு முன்னால் கம்பி வலை வைத்தால் இன்னும் நல்லது. ஓடுபாதையில் கிடக்கும் கல் உள்ளே போனால் எஞ்சின் காலி என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பழைய டீ வடிகட்டியின் வலை அளவாக இருக்கும். கேபினுக்கும் எஞ்சின் வாய்க்கும் நடுவே குறைந்தது ஒரு எஞ்சின் விட்டம் இடைவெளி விடுங்கள். சுவரில் மூக்கை ஒட்டிவைத்தால் காற்று எங்கிருந்து வரும்?

பின்முனை. கண்காட்சி லாரிகளில் எஞ்சினுக்குப் பின்னால் ஆஃப்டர்பர்னர் என்ற கூடுதல் குழாய் இருக்கும். வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைத் தூவிப் பற்றவைக்கும் இடம் அது. அந்த நீண்ட தீநாக்கு அங்கேதான் பிறக்கிறது. 60 முதல் 80 மி.மீ. நீளம் கொடுங்கள். ஒயரிங் பைப்பையே இதற்கும் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைப்பின் சுவர் ஒன்றரை மி.மீ. இருந்தால், நிஜத்தில் அது கிட்டத்தட்ட நான்கு செ.மீ. தடிமன். உண்மையான குழாயோ மெல்லிய தகடு. ஆகவே கடைசி ஐந்து மில்லிமீட்டரை உள்பக்கமாகக் கத்தியால் சீவி, விளிம்பைக் காகிதம் போல மெலிதாக்குங்கள். அல்லது கேன் தகட்டையே உருட்டிக் குழாயாக்குங்கள். மாதிரியை நம்பவைப்பதில் இந்த விளிம்புக்கு இருக்கும் பங்கு, மற்ற பத்து நுணுக்கங்களுக்குச் சேர்த்தும் கிடையாது.

உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும்படி, ஆரக்கால் போல நான்கைந்து மெல்லிய கம்பிகளும் அவற்றில் ஒரு வளையமும் வையுங்கள். கம்பிகள் எரிபொருள் தூவுபவை. வளையம் தீயை அணையாமல் பிடித்து நிறுத்துவது.

விமான மாடல் கிட்டுகளில் மிஞ்சிய எஞ்சின்கள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். பெட்டியில் உள்ள விகிதத்தைப் பார்த்து ஒதுக்காமல் மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். 1/32 ஃபேண்டம் போர் விமானத்தின் ஜே79 எஞ்சின் ஏறக்குறைய 31 மி.மீ. விட்டம் வரும்; நம் லாரியில் அது ஆஃப்டர்பர்னராக நன்றாகவே உட்காரும். சிறிய பிக்கப் லாரி கட்டுபவர்கள் ஜே85 எஞ்சினைப் பார்க்கலாம், அது 1/25-இல் 18 மி.மீ.தான்.

பூட்டுவதும் குழாய் இழுப்பதும்

எஞ்சினை ஃபெவிக்விக் போட்டு சேசிஸ் மேல் ஒட்டிவிட்டால் அது வைத்தது போலத்தான் இருக்கும், பூட்டியது போல இருக்காது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று இடங்களில் தாங்கிகள் செய்யுங்கள். முன் தாங்கிகள் தடிமனாக, முக்கோணச் சட்டமாக, குறுக்குச் சட்டத்தோடு இணையட்டும்; வண்டியைத் தள்ளும் விசை அங்கேதான் இறங்குகிறது. பின் தாங்கி மெல்லிசாக இருக்கலாம். சூட்டில் எஞ்சின் நீளும் என்பதால் பின்னால் இறுக்கிப் பூட்டமாட்டார்கள், சற்றே நகர இடம் விடுவார்கள். எஞ்சினின் மையக்கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தும்.

பக்கவாட்டு டீசல் டாங்குகள் அப்படியே இருக்கட்டும், இப்போது அவை ஜெட்டுக்கான எரிபொருளைச் சுமக்கின்றன. ஒரு அங்குல ஹோஸ் 1/25-இல் ஒரு மி.மீ., அரை அங்குலம் என்றால் அரை மி.மீ. பழைய ஹெட்ஃபோன் ஒயர், தொலைபேசி ஒயர், சால்டரிங் ஈயக்கம்பி எல்லாம் இதற்கு உதவும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். டாங்கிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து எஞ்சின் அடிப்பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, அங்கிருந்து எரியறைக்கு ஒரு கிளை, ஆஃப்டர்பர்னருக்கு ஒரு கிளை. புகைக்கான எண்ணெய்க்குத் தனியாக ஒரு சின்ன டாங்கும் குழாயும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனைகள் இருக்க வேண்டும், இரண்டும் எங்காவது போய்ச் சேர வேண்டும். அழகுக்காக அந்தரத்தில் தொங்கும் ஒயர்தான் புதியவரின் கைரேகை. வெப்பம் அதிகமான டர்பைன் பகுதியைக் குழாய்கள் தொடாமல் சுற்றிப் போகட்டும்.

நிறுத்துவதற்குப் பாராசூட். பின்னால் சேசிஸ் முனையில், தீ படாத இடத்தில், அதாவது வெளியேற்றுக் குழாய்க்குக் கீழே அல்லது பக்கத்தில், இரண்டு பொதிகள். எம்சீலைக் கட்டை விரல் நகம் அளவு பிடித்து, ஈரமாக இருக்கும்போதே துணியை அழுத்தி எடுத்தால் கான்வாஸ் பை போல வரும். அதிலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டை. மலர்மாலைக் கடை ரிப்பனைக் குறுக்கே நறுக்கினால் சரியாக இருக்கும்.

கேபினுக்குள் ஒரே இருக்கை, சுற்றி ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு). 1.8 அல்லது 2 மி.மீ. பிளாஸ்டிக் கம்பி போதும். கதவு மூடியிருந்தால் உள்ளே அதிகம் தெரியாது; இங்கே நேரத்தைக் கொட்ட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியை மட்டும் ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் காய்ந்தால் நிறமற்றுப் போகும், அதுவே சரி.

பெயிண்ட்

கேபினும் எஞ்சினும் வெவ்வேறு வேலைகள். ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாக அடித்துவிடுங்கள். கேபினுக்கு ஸ்ப்ரே கேன் போதும். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றிலும் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெண்மை படியும். வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள். கிட்டில் வரும் பளபளப்பான குரோம் பாகங்கள் பொம்மைத்தனமாக இருந்தால், திரவ பிளீச்சில் சில மணி நேரம் ஊறவைத்துப் பூச்சை நீக்கலாம். அந்தப் பாத்திரத்தில் கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது, விஷவாயு கிளம்பும்.

எஞ்சினுக்கு ஒரே வெள்ளி நிறம் அடித்து முடிப்பது பெரிய வீண். முன்பகுதி அலுமினியம், மங்கிய வெளிர் சாம்பல். எரியறைக்கு இரும்பு நிறம். டர்பைனும் பின்குழாயும் வெந்த உலோகம். எஃகு சூடேறும்போது நிறம் ஒரு ஒழுங்கில் மாறும்: முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். அதிகம் சூடாகும் இடத்துக்கு அருகில் நீலம், விலக விலக ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று வரிசை அமைய வேண்டும். இதைத் தலைகீழாக அடித்த மாதிரிகளும் உண்டு. தமியா நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் வண்ணங்களில் எக்ஸ்-23 நீலம், எக்ஸ்-24 மஞ்சள், எக்ஸ்-26 ஆரஞ்சு, எக்ஸ்-27 சிவப்பு ஆகியவற்றை மிகவும் நீர்க்கக் கரைத்து, உலோக நிறத்தின் மேல் மெல்லிய பட்டைகளாக ஏற்றுங்கள். ஊதாவுக்கு நீலமும் சிவப்பும் கலந்தால் போதும். ஏர்பிரஷ் இருந்தால் சுகம்; இல்லாவிட்டால் கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் தட்டித் தட்டி ஏற்றலாம். குழாய் வாயின் உட்புறம் எக்ஸ்-19 புகை நிறம். நிறம் போதவில்லையே என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் போதுமாக இருக்கும்.

தீ

ஆஃப்டர்பர்னருக்குள் இரண்டு எல்.இ.டி. போதும்: ஒன்று ஆரஞ்சு, ஒன்று மினுக்கும் மஞ்சள். கண்காட்சி லாரிகள் வேண்டுமென்றே எரிபொருளை அள்ளி வீசுவதால் தீ மஞ்சளும் ஆரஞ்சுமாகத்தான் இருக்கும். போர் விமானத்தின் நீலத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். ஆரஞ்சு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7. அதை 470-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர், பாதுகாப்பான அளவு. எல்.இ.டி.க்கு முன்னால் பட்டர் பேப்பரில் ஒரு வட்டம் வெட்டி வைத்தால் விளக்கின் புள்ளி தெரியாது, குழாய் முழுவதும் ஒளிரும். பைப் வழியாக வெளிச்சம் கசியாமல் இருக்க, உலோக நிறத்துக்கு முன் உள்ளும் புறமும் கறுப்பு அடித்திருக்க வேண்டும்.

ஒயர்களைப் புதிய குறுக்குச் சட்டத்தின் அடிவழியாக இறக்கி, மரப்பலகை ஒன்றைக் குடைந்து பேட்டரியையும் ஸ்விட்சையும் அதற்குள் வையுங்கள். லாரியைப் பலகையில் இரண்டு திருகாணிகளால் பிடித்தால் போதும், ஒட்ட வேண்டாம். பேட்டரி மாற்றும்போது கழற்ற வேண்டியிருக்கும். பக்கக் கண்ணாடிகள், ஏர் ஹாரன், பாராசூட் பட்டை போன்ற உடையக்கூடியவற்றை இதற்கெல்லாம் பிறகு கடைசியாக ஒட்டுங்கள். மாதக்கணக்கில் விளக்கைப் போடப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஒயர் முனைகளை அரித்துவிடும்.